வாளவரையும் அதன் மாவும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில் ஒரு சிறிய வீடு. வீட்டைச் சுற்றி வேலி. வேலியில் வாளவரைக் கொடி படர்ந்திருக்கிறது. காய்கள் முற்றிக் காய்ந்து தொங்குகின்றன. காற்று அடித்தால் உள்ளே விதைகள் குலுங்கும் சத்தம் கேட்கிறது.

பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. பாட்டி வயதான பிறகுதான் எழுத்துக் கற்றாள். இப்போது சீட்டில் இருக்கும் எண்ணைத் தானே படிக்கிறாள்.

"இருநூற்றுப் பன்னிரண்டு. போன மாதத்தைவிடச் சர்க்கரை கூடியிருக்கிறது, மக்களே."

பேத்தி அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார், பாட்டி?"

"மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொன்னார். சோற்றையும் மரச்சீனியையும் குறைக்கச் சொன்னார். பயறு சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பயறுக்கு நான் கடைக்குப் போக வேண்டுமா? வேலி நிறைய வாளவரை முற்றிக் கிடக்கிறதே! விதையை எடுத்து வறுத்துத் தின்றால் போதாதா?"

"கொஞ்சம் பொறு பாட்டி. முதலில் அதைப் பற்றித் தெரிந்துகொள்வோம்."

பேத்தி சொன்னது சரி. பாட்டியின் கேள்வியும் நல்ல கேள்விதான். வாளவரை விதையில் என்ன இருக்கிறது? அதைத் தின்னலாமா? அதன் மாவு எதற்குப் பயன்படும்? இந்தப் பாடத்தில் இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவோம்.

வாளவரை எது?

வாளவரையைச் சில ஊர்களில் தம்பட்டங்காய் என்பார்கள். காய் பட்டையாக, வாளைப் போல நீண்டிருக்கும். ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளம் வரும். விதை பெரியது. சிவப்பாக இருக்கும். வெள்ளை விதை வகையும் உண்டு.

இது வேலியில் தானாக ஏறிக்கொள்ளும். அதிகத் தண்ணீர் கேட்காது. உரம் கேட்காது. மற்ற பயறுகளைப் போலவே இதன் வேரிலும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன.

இதன் பிஞ்சைச் சமைத்து உண்கிறோம். ஆனால் முற்றிய விதையைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. அடுத்த நடவுக்கு நாலு விதை எடுத்து வைப்பார்கள். மீதி மண்ணில் விழுந்து வீணாகும்.

வீணாகும் அந்த விதையில் காற்பங்கு அளவுக்குப் புரதம் இருக்கிறது. அதைவிட அதிகமாக மாவுச்சத்து இருக்கிறது.

மாவுச்சத்து என்றால் என்ன?

செடி வெயிலில் தன் உணவைத் தயாரிக்கிறது. அன்றன்று தேவையானது போக மீதியைச் சேமித்து வைக்கிறது. நாம் நெல்லைப் பத்தாயத்தில் சேமிப்பதைப் போல! செடிக்குப் பத்தாயம் எது? கிழங்கும் விதையும்தான். அங்கே சேமித்து வைத்த பொருள்தான் மாவுச்சத்து.

அது மிகச் சிறிய மணிகளாக இருக்கும். ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காகப் பிரியுங்கள். அதில் இரண்டு மூன்று பங்குதான் ஒரு மணியின் அளவு. கண்ணுக்குத் தெரியாது. நுண்ணோக்கியில் பார்க்கலாம். மரச்சீனி மாவின் மணி உருண்டையாக, ஒரு பக்கம் வெட்டியது போல இருக்கும். பயறு மாவின் மணி முட்டை வடிவில் இருக்கும்.

கூவைக்கிழங்கு மாவு எடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிழங்கைத் துருவுவார்கள். தண்ணீரில் கரைத்துத் துணியில் வடிகட்டுவார்கள். அசையாமல் வைத்தால் வெள்ளை மாவு அடியில் தங்கும். மேலே உள்ள நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவார்கள். இப்படிப் பல முறை கழுவி வெயிலில் உலர்த்துவார்கள். அப்படிக் கிடைப்பது ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்துதான்.

பயறிலிருந்து மாவு எடுப்பது இதைவிடச் சிரமம். கிழங்கில் புரதம் குறைவு. பயறில் அதிகம். அந்தப் புரதமும் நுண்ணிய நாரும் மாவோடு ஒட்டிக்கொள்ளும். சீக்கிரம் அடியில் தங்காது. அதனால் ஆய்வுக்கூடங்களில் மிகக் குறைந்த அளவு காரம் கலந்த நீரில் கழுவுவார்கள். காரம் என்றால் மிளகாய்க் காரம் அல்ல. சுண்ணாம்பு, சோடா போன்ற பொருள். அது புரதத்தைக் கரைத்துப் பிரிக்கும். சீனாவில் பழைய நாளிலேயே வேறு ஒரு வழி கண்டார்கள். புளித்த நீரைச் சேர்த்தார்கள். அதில் மாவு அடியில் தங்கியது. புரதம் மேலே நின்றது.

எல்லா மாவும் ஒன்றல்ல

மரச்சீனி மாவும் வெள்ளை. பயறு மாவும் வெள்ளை. இரண்டையும் தொட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. அடுப்பில் வைத்துப் பாருங்கள். அப்போது தெரியும்.

மரச்சீனி மாவைக் காய்ச்சினால் கண்ணாடி போலத் தெளிந்த கஞ்சி வரும். கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக இழுக்கும். ஆறினாலும் கொழகொழவென்றே இருக்கும்.

பயறு மாவு பொதுவாகச் சற்று அதிகச் சூட்டில்தான் வேகும். கஞ்சி சற்று மங்கலாக இருக்கும். ஆறினால் கட்டியாக உறையும். கத்தியால் துண்டு போடலாம். நாள் ஆக ஆகத் தண்ணீர் கசியும்.

ஏன் இந்த வேறுபாடு?

மாவுச்சத்தில் இரண்டு வகைப் பொருள்கள் கலந்திருக்கின்றன. இரண்டும் சர்க்கரைத் துகள்கள் கோத்த சரங்கள்தான். ஒன்று நேரான சரம். அதன் பெயர் அமைலோஸ். மற்றொன்று கிளை விட்ட சரம். அதன் பெயர் அமைலோபெக்டின்.

விறகு அடுக்குவதை நினைத்துப் பாருங்கள். நேரான விறகை நெருக்கமாக அடுக்கலாம். கட்டினால் இறுகி நிற்கும். கிளைத்த முள்ளை அப்படி அடுக்க முடியுமா? முடியாது. எவ்வளவு அழுத்தினாலும் இடைவெளி இருக்கும்.

மாவும் அப்படித்தான். வேகும்போது மணிகள் தண்ணீரைக் குடித்து வீங்கும். சரங்கள் அவிழ்ந்து வெளியே வரும். ஆறும்போது நேரான சரங்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து இறுகும். அதனால் களி உறையும். கிளைச் சரங்கள் அவ்வளவு எளிதில் சேராது. அதனால் கொழகொழப்பாகவே நிற்கும்.

மரச்சீனி மாவில் நேரான சரம் நூற்றுக்கு 20 பங்கு அளவில்தான் உண்டு. பயறு வகைகளின் மாவில் பொதுவாக நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை உண்டு. வாளவரையும் பயறு இனத்தைச் சேர்ந்ததுதான்.

இதனால் என்ன பயன்? சீனாவில் பச்சைப்பயறு மாவில் கண்ணாடி போன்ற சேமியா செய்கிறார்கள். அது கொதிநீரில் வெந்தாலும் குழையாது. இழை இழையாகவே நிற்கும். நேரான சரங்கள் இறுகிப் பிடித்திருப்பதே காரணம். நம் பக்கத்தில் மரவள்ளி மாவு ஜவ்வரிசி ஆகிறது. சேலம் வட்டாரத்தில் இது பெரிய தொழில். ஜவ்வரிசி பாயசத்தில் வழவழப்பாக இருப்பதற்குக் காரணம் கிளைச் சரம். ஒவ்வொரு மாவுக்கும் ஒரு குணம். குணம் அறிந்தால் தொழில் உண்டு.

மாவும் சர்க்கரை நோயும்

பாட்டியின் சீட்டுக்கு வருவோம். அரிசியும் மரச்சீனியும் இனிப்பாக இல்லையே! பிறகு ஏன் சர்க்கரை கூடுகிறது?

ஒரு பிடி சோற்றை வாயில் போட்டு நெடுநேரம் மெல்லுங்கள். மெல்ல மெல்ல இனிக்கும். உமிழ்நீரில் உள்ள ஒரு பொருள் மாவுச் சரத்தை அறுக்கிறது. அறுந்த துண்டு இனிக்கிறது. இந்த வேலை குடலில் இன்னும் வேகமாக நடக்கும். அறுந்த சர்க்கரை இரத்தத்தில் சேரும்.

கிளைச் சரத்துக்குப் பல முனைகள் உண்டு. ஒரே நேரத்தில் பல முனைகளிலும் அறுக்கலாம். சர்க்கரை வேகமாக ஏறும். நேரான சரத்துக்கு முனைகள் குறைவு. அது இறுகியும் இருக்கும். அதனால் அறுக்க நேரம் பிடிக்கும். சர்க்கரை மெதுவாக ஏறும். ஒரு பகுதி அறுபடாமலே பெருங்குடலுக்குப் போய்விடும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழுப் பயறில் மாவு தனியாக இல்லை. அதைச் சுற்றிப் புரதமும் நாரும் இருக்கின்றன. அவை மதில்போல நின்று தடுக்கின்றன. மாவைத் தனியாகப் பிரித்தால் அந்த மதில் போய்விடும். ஆகவே சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பயறு மாவைவிட முழுப் பயறுதான் நல்லது.

கேரளத்தில் இது சிறிய விஷயம் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2023-இல் வெளிவந்தது. கேரளத்தில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 25 பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது சொல்கிறது. அதாவது நாலு பேரில் ஒருவர்.

விதையில் உள்ள நஞ்சு

அப்படியானால் வாளவரை விதையை வறுத்துத் தின்னலாமா?

கூடாது. வறுப்பது போதாது. முற்றிய விதையில் நஞ்சுப் பொருள்கள் இருக்கின்றன.

முதலாவது, ஒரு வகைப் புரதம். இது குடலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு தொல்லை தரும். வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். ஊற வைத்து நன்றாகக் கொதிக்க வைத்தால் இது அழியும். இளஞ்சூட்டில் அழியாது.

இரண்டாவது, கனவனின் என்ற பொருள். உடலுக்கு வேண்டிய ஒரு சத்தைப் போலவே இது வேஷம் போடும். உடல் ஏமாந்து இதை எடுத்துக்கொள்ளும். பிறகு உடலின் வேலை கெடும். இது சூட்டில் எளிதில் அழியாது. ஆனால் தண்ணீரில் கரையும். அதனால்தான் ஊற வைத்த நீரையும் வேக வைத்த நீரையும் கொட்ட வேண்டும் என்கிறார்கள்.

நஞ்சை நீக்கும் அறிவு நமக்குப் புதிது அல்ல. அகத்தியமலைப் பகுதியில் காணி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பூனைக்காலி விதையை உண்ணும் முறையை ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழெட்டு முறை வேக வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் நீரை வடித்துக் கொட்டுவார்கள். அதன் பிறகே உண்பார்கள். காட்டில் பல தலைமுறை வாழ்ந்து கற்ற பாடம் அது. நாம் அரைகுறையாகக் கேட்டுவிட்டு வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

ஒரு கை மனிதரின் சாதனை

வாளவரைக்கு ஒரு நெருங்கிய உறவுச் செடி அமெரிக்காவில் உண்டு. அதன் விதை வெள்ளை. அந்த விதை அறிவியலில் பெரிய இடம் பெற்றது.

ஜேம்ஸ் சம்னர் என்பவர் அமெரிக்க விஞ்ஞானி. 17 வயதில் வேட்டைக்குப் போன இடத்தில் குண்டு பட்டு இடது கையை இழந்தார். அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். எல்லாவற்றையும் வலது கையால் புதிதாகக் கற்றார். ஒரு கையோடு வேதியியல் படிப்பது கடினம் என்று அவரிடம் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை.

உமிழ்நீரில் மாவை அறுக்கும் பொருளைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? அதைப் போன்ற பொருள்களுக்கு நொதி என்று பெயர். நொதி எதனால் ஆனது என்று அந்தக் காலத்தில் தெளிவாகத் தெரியாது. 1926-இல் சம்னர் அந்த வெள்ளை விதையின் மாவிலிருந்து ஒரு நொதியைப் படிகமாகப் பிரித்தார். அது புரதம் என்று காட்டினார். பலர் நம்பவில்லை. பிறகு உண்மை என்று ஏற்றுக்கொண்டார்கள். 1946-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குடல் புரதத்தைப் பற்றிச் சொன்னோமே, அந்த வகைப் புரதம் ஒன்றையும் 1919-இல் அதே விதையிலிருந்து பிரித்தவர் அவர்தான்.

மரச்சீனி சொல்லும் பாடம்

"நஞ்சு உள்ள விதை நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். மரச்சீனியை நினைத்துப் பாருங்கள்.

மரச்சீனி நம் நாட்டுப் பயிர் அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதிலும் நஞ்சு உண்டு. சயனைடு என்ற கொடிய நஞ்சு கிழங்கிலிருந்து உண்டாகும். ஆனால் மக்கள் அதைத் தள்ளி வைக்கவில்லை. துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, நீரை வடித்துக் கொட்டக் கற்றார்கள்.

திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்டவர் விசாகம் திருநாள் ராமவர்மா. அவர் மரச்சீனிச் சாகுபடியை ஊக்குவித்தார். பின்னால் இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசி வருவது நின்றது. திருவிதாங்கூரில் பஞ்சம் வந்தது. அப்போது ஏழைகளின் வயிற்றைக் காத்தது மரச்சீனிதான்.

1963-இல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அங்கே மரச்சீனி, கூவை முதலிய கிழங்குகளையும் அவற்றின் மாவையும் ஆராய்கிறார்கள். ஒரு பயிரின் குறையை அறிந்து, அதை நீக்கும் வழியையும் அறிந்தால் பயிர் பயன்படும். வாளவரைக்கும் அந்த உழைப்பு தேவை. நஞ்சு குறைந்த வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாவைப் பிரித்துச் சோதிக்க வேண்டும். அதை ஆய்வுக்கூடம் செய்யட்டும். அதுவரை நாம் பிஞ்சை உண்போம்.

செய்து பாருங்கள்

வாளவரை விதையில் இதைச் செய்ய வேண்டாம். பச்சைப்பயறில் செய்யுங்கள்.

1. கால் கிலோ பச்சைப்பயறை இரவு முழுவதும் ஊற வையுங்கள். தோலை நீக்குங்கள்.
2. நிறையத் தண்ணீர் விட்டு அரையுங்கள். வேட்டித் துணியில் வடிகட்டுங்கள்.
3. வடித்த நீரை நாலு மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேல் நீரைக் கொட்டுங்கள்.
4. மாவின் மேல் பழுப்பாக ஒரு படலம் இருக்கும். அது புரதம். அதை வழித்து எடுங்கள்.
5. புதுத் தண்ணீர் ஊற்றி மேலும் இரண்டு முறை இப்படியே செய்யுங்கள். மாவை உலர்த்துங்கள்.
6. மாவு 2 ஸ்பூன், தண்ணீர் 12 ஸ்பூன் கலந்து காய்ச்சுங்கள். கிளறிக்கொண்டே இருங்கள். கெட்டியானதும் சிறு கிண்ணத்தில் ஊற்றுங்கள்.
7. மரச்சீனி மாவையும் இதே அளவில் காய்ச்சி வேறு கிண்ணத்தில் ஊற்றுங்கள்.

நன்றாக ஆறிய பிறகு இரண்டையும் தட்டில் கவிழ்த்துப் பாருங்கள். எது கட்டியாக நிற்கிறது? எது கொழகொழவென்று பரவுகிறது? காரணத்தை வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லுங்கள்.

பாட்டி என்ன செய்தாள்?

பேத்தி படித்துச் சொன்னதைப் பாட்டி கவனமாகக் கேட்டாள். பிறகு எழுந்து வேலிக்குப் போனாள். முற்றிய காய்களைப் பறித்தாள். நல்ல விதையாகப் பார்த்து ஒரு டப்பாவில் போட்டாள். ஒரு தாளில் தன் கையால் எழுதி ஒட்டினாள்: "வாளவரை. நடுவதற்கு மட்டும்."

"பிள்ளைகள் யாராவது வறுத்துத் தின்றுவிடக் கூடாது பார்" என்றாள்.

அன்று இரவு பாட்டி வீட்டில் கஞ்சியும் பயறும். பயறு முழுப் பயறு. கஞ்சி வழக்கத்தில் பாதி. கூட்டு, வாளவரைப் பிஞ்சு. மாத்திரையையும் மறக்கவில்லை.

நினைவில் வையுங்கள்

பயறு மாவில் நேரான சரம் அதிகம். அதனால் உறையும். மெதுவாகச் செரிக்கும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் முழுப் பயறு உண்பது நல்லது. மருந்தை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

வாளவரைப் பிஞ்சைச் சமைத்து உண்ணலாம். முற்றிய விதையை வறுத்து உண்ணக் கூடாது.

கேள்விகள்

1. வாளவரைக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?
2. கிழங்கிலிருந்து மாவு எடுப்பதைவிடப் பயறிலிருந்து எடுப்பது ஏன் சிரமம்?
3. மரச்சீனியை வேக வைத்த நீரை ஏன் கொட்டுகிறோம்?
4. பாட்டி டப்பாவில் ஏன் அப்படி எழுதி ஒட்டினாள்?
5. உங்கள் வீட்டில் பெயர் எழுதி ஒட்ட வேண்டிய டப்பா, புட்டி எவை? இன்றே எழுதி ஒட்டுங்கள்.